ஹெ ஷோ வூ: இளநரைக்கு விற்கப்படும் சீன வேரை எப்படித் தேர்வது, எவ்வளவு எடுப்பது, எப்போது நிறுத்துவது

இளநரைக்கும் முடி உதிர்வுக்கும் என்று விற்கப்படும் சீன மூலிகைகளில் பெயர்பெற்றது ஹெ ஷோ வூ. காப்ஸ்யூல், பொடி, காய்ந்த சீவல், திரவச் சாறு என்று பல உருவில் கிடைக்கிறது. அமெரிக்கக் கடைகளில் இதற்கு ஃபோ-டி என்று பெயர். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள் சீன மருந்துக்கடைகளில் இதன் கறுத்த சீவல்களைப் பார்த்திருப்பார்கள்.

வாங்க நினைப்பவர் முதலில் மனதில் இருத்த வேண்டியது இது. பச்சை வேரும் பதப்படுத்திய வேரும் ஒரே பெயரில் விற்கப்படும் இரண்டு வெவ்வேறு மருந்துகள். இரண்டுமே சிலருக்குக் கல்லீரல் அழற்சியை வரவழைத்திருக்கின்றன. எந்த வேர், எத்தனை கிராம், எத்தனை நாள், கல்லீரல் பரிசோதனை எப்போது என்ற நான்குக்கும் விடை இல்லாமல் இதை வாயில் போடக்கூடாது.

செடியும் பெயர்களும்

இதன் தாவரவியல் பெயர் ரெய்னூட்ரியா மல்டிஃப்ளோரா. பழைய பெயரான பாலிகோனம் மல்டிஃப்ளோரம்தான் இன்னும் பல புட்டிகளில் இருக்கிறது. ஃபாலோபியா மல்டிஃப்ளோரா என்றும் எழுதுவார்கள். மூன்றும் ஒரே கொடி. இதய வடிவ இலை, கொத்துக்கொத்தாகச் சிறு வெண்பூ, மண்ணுக்கடியில் செம்பழுப்புத் தோலுடன் கிழங்கு. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் ரேவல்சின்னிக் கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த உறவை நினைவில் வையுங்கள், பச்சை வேர் ஏன் பேதியாக்குகிறது என்பதற்கு விடை அதில்தான் இருக்கிறது. சீனாவில் குவாங்தோங், குவெய்ஜோ, சிச்சுவான், யுன்னான் மாகாணங்களில் விளைகிறது. இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும், இலை வாடியபின் கிழங்கைத் தோண்டுவார்கள்.

ஹெ என்பது குடும்பப் பெயர், ஷோ என்றால் தலை, வூ என்றால் கறுப்பு. தாங் வம்சக் காலத்துக் கதை ஒன்றில் ஹெ குடும்பத்தார் இந்த வேரை உண்டு, முதுமையிலும் கருங்கூந்தலோடு வாழ்ந்தார்கள். விளம்பரங்கள் இன்றுவரை பிடித்துக்கொண்டிருப்பது இந்தக் கதையைத்தான். தலைமுடி கறுக்கும் என்பதற்கு எலிகளிலும் ஆய்வுக்கூடச் செல்களிலும் செய்த ஆய்வுகள் உண்டு. மனிதர்களிடம் நம்பகமாக நிரூபித்த பெரிய மருத்துவச் சோதனை இல்லை. பணம் கொடுக்கும்முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெயர்க் குழப்பம் மூன்று இடத்தில் வரும். ஃபோ-டி-டியெங் என்ற பெயரில் அமெரிக்காவில் விற்கப்பட்டது வல்லாரை சேர்ந்த வேறொரு கலவை. பாய் ஷோ வூ, அதாவது 'வெள்ளை ஷோ வூ', முற்றிலும் வேறு குடும்பத்துக் கொடியின் வேர். யே ஜியாவ் தெங் என்பது இதே கொடியின் தண்டு. சீன மருத்துவர்கள் தூக்கமின்மைக்குக் கொடுப்பது. வேருக்குச் சொன்ன அளவைத் தண்டுக்கும், தண்டுக்குச் சொன்னதை வேருக்கும் மாற்றிப் போடக்கூடாது.

பச்சையும் பதமும்

சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கமாட்டார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். சீன மருத்துவத்திலும் அதே எண்ணம் உண்டு. தோண்டி, சீவி, காயவைத்தது ஷெங் ஹெ ஷோ வூ, அதாவது பச்சை வேர். அதைக் கறுப்பு சோயாச் சாற்றில் வேகவைத்து எடுத்தது ஜி ஹெ ஷோ வூ, பதப்படுத்திய வேர். ஆங்கிலப் புட்டிகளில் 'வெள்ளை ஃபோ-டி' என்றிருந்தால் பச்சை, 'சிவப்பு ஃபோ-டி' என்றிருந்தால் பதம்.

சீன மருத்துவத்தில் இரண்டுக்கும் வேலை வேறு. பச்சை வேர் மலமிளக்கவும், கட்டிகளுக்கும், அந்தக் காலத்தில் முறைக்காய்ச்சலுக்கும் கொடுக்கப்பட்டது. முடி, இடுப்பு வலி, தளர்ச்சி, இரத்தக் கொழுப்பு ஆகியவற்றுக்குச் சொல்லப்பட்டது பதப்படுத்திய வேர் மட்டும். ஆக, நரைக்காகப் பச்சை வேரைச் சாப்பிடுபவர் அந்த மருத்துவத்தின் கணக்கிலேயே தவறான மருந்தைச் சாப்பிடுகிறார்.

வேரில் இரண்டு வகைப் பொருள்கள் முக்கியம். ஒன்று, டி.எஸ்.ஜி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஸ்டில்பீன் கிளைக்கோசைடு. சீன அரசின் மருந்துத் தரநூல்படி பச்சை வேரில் இது குறைந்தது 1.0 சதவீதமும், பதத்தில் 0.70 சதவீதமும் இருக்க வேண்டும். மற்றொன்று ஆந்த்ரகுவினோன்கள், எமோடின் அவற்றில் ஒன்று. பச்சை வேரில் இவற்றில் ஒரு பகுதி சர்க்கரையோடு பிணைந்திருக்கும். அந்தப் பிணைந்த வடிவம் பெருங்குடலுக்குப் போய்க் குடலை முடுக்கும். நிலாவாரை வேலை செய்வதும் இப்படித்தான். நீண்ட நேரம் வேகும்போது பிணைப்பு அறுகிறது, பேதிக் குணம் குறைகிறது. எமோடின் அதனால் காணாமல் போவதில்லை, தனியாக நிற்கிறது. 'பதப்படுத்தியது, அதனால் பாதுகாப்பானது' என்று விற்பனையாளர் சொன்னால் பாதி உண்மைதான். பேதி குறையும், ஆபத்தும் ஓரளவு குறையும்; ஆனால் பதப்படுத்திய வேரால் காமாலை வந்தவர்களும் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள்.

பதப்படுத்துவது எப்படி, எங்கே கெடுகிறது

தரநூல் சொல்லும் அளவு 100 கிலோ சீவலுக்கு 10 கிலோ கறுப்பு சோயா. சோயாவை நீரில் சுமார் 4 மணி நேரம் கொதிக்கவைத்து ஏறத்தாழ 15 கிலோ சாறு எடுப்பார்கள். சக்கையில் மறுபடி நீர் ஊற்றி 3 மணி நேரம் கொதிக்கவைத்து இன்னொரு 10 கிலோ. இந்த 25 கிலோ சாற்றைச் சீவலோடு பிசிறி, இரும்பு அல்லாத பாத்திரத்தில் சாறு முழுதும் உறிஞ்சும்வரை மூடிப் புழுக்குவார்கள், அல்லது உள்ளும் புறமும் பழுப்பாகும்வரை ஆவியில் வேகவைப்பார்கள். பிறகு உலர்த்துவது. ஒன்பது முறை அவித்து ஒன்பது முறை வெயிலில் போடும் பழைய முறையும் உண்டு.

கெடுகிற இடங்கள் நான்கு. வேகும் நேரத்தைக் குறைத்தால் நடுப்பகுதி வெளிறிப் பச்சையாகவே நிற்கும். இரும்புச் சட்டியில் செய்தால் வேரின் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து மைபோலக் கறுக்கும். அந்த நிறத்தைப் பார்த்து நன்றாக வெந்தது என்று ஏமாறுவார்கள். ஈரம் போகாமல் மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும். சாயம் ஏற்றி விற்பதும் உண்டு.

இணையத்தில் வீட்டிலேயே பதப்படுத்தும் காணொளிகள் இருக்கின்றன. செய்யவேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. வேர் எவ்வளவு வெந்தது, எவ்வளவு ஆந்த்ரகுவினோன் மிச்சம் என்று கண்டுபிடிக்க வீட்டில் வழியில்லை. கூடவே, 'கறுப்பு பீன்' என்பதைக் கறுப்பு உளுந்து என்று எடுத்துக்கொண்டு உளுந்துத் தண்ணீரில் வேகவைப்பவர்களும் இருக்கக்கூடும். அது கறுப்புத்தோல் சோயா. உளுந்து வேறு.

படி 1: இது உங்களுக்குத் தேவைதானா?

வேரை வாங்கும்முன் ஒரு ரத்தப் பரிசோதனை எடுங்கள். இளநரைக்கும் முடி உதிர்வுக்கும் வைட்டமின் பி12 குறைவு, இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு மூன்றும் அடிக்கடி காரணமாகின்றன. சைவ உணவுக்காரர்களிடம் பி12 குறைவு சாதாரணம். பி12, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பு), டி.எஸ்.எச் (தைராய்டு), ஹீமோகுளோபின் ஆகிய நான்கையும் பாருங்கள். குறை இருந்தால் அதைச் சரிசெய்வதே வைத்தியம், இந்த வேர் அந்தக் குறையை நிரப்பாது. புகைப்பழக்கமும் இளநரையோடு தொடர்புடையது. அப்பா, அம்மாவுக்கு இருபத்தைந்தில் நரைத்திருந்தால் உங்களுக்கும் நரைப்பது மரபு. அதை எந்த வேரும் திருப்பியதாகச் சான்றில்லை.

சீனத்திலும் இந்த ஒரு வேரை மட்டும் நம்பி முடிக்கு மருந்து எழுதுவதில்லை. நமது கரிசலாங்கண்ணியே மோ ஹான் லியன் என்ற பெயரில் அங்கேயும் முடி கறுக்கக் கொடுக்கப்படுகிறது. ஹெ ஷோ வூவோடு சேரும் கலவைகளில் அதுவும் இருப்பதுண்டு.

படி 2: யாருக்கு வேண்டவே வேண்டாம்

கல்லீரல் நோய் எதுவாக இருந்தாலும் வேண்டாம்: ஹெபடைடிஸ் பி அல்லது சி, சிரோசிஸ், நொதி உயர்ந்த கொழுப்புக் கல்லீரல், முன்பு எப்போதாவது மருந்தாலோ மூலிகையாலோ வந்த காமாலை. ரத்த உறவில் யாருக்காவது மூலிகையால் காமாலை வந்திருந்தாலும் விலகியிருங்கள். காரணம் உண்டு. இந்த வேரால் கல்லீரல் கெட்ட சீன நோயாளிகளின் மரபணுவைப் பார்த்த ஆய்வு 2019-ல் வெளியானது. எச்.எல்.ஏ-பி 35:01 என்ற மரபணு வகை அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் இருந்தது; பொதுமக்களிடம் நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவு. ஒரே வேரை ஒரே அளவில் சாப்பிட்ட இருவரில் ஒருவர் நலமாக இருக்க மற்றவர் மருத்துவமனைக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். 'என் சிநேகிதி ஒரு வருஷமாச் சாப்பிடுறா, ஒண்ணும் ஆகல' என்ற சாட்சி உங்கள் கல்லீரலுக்குப் பொருந்தாது.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவாக்க வேண்டும். சீன மருத்துவ விளக்கங்களில் ஹெ ஷோ வூ 'கல்லீரலையும் சிறுநீரகத்தையும் வலுப்படுத்தும்' என்று இருக்கும். அந்த மருத்துவத்தில் கல்லீரல் என்பது ரத்தம், தசைநார், கண் எல்லாம் சேர்ந்த ஓர் இயக்கத் தொகுதியின் பெயர். அதைப் படித்துவிட்டுக் கொழுப்புக் கல்லீரலுக்கு மருந்து என்று நினைத்து இந்த வேரை வாங்குவதுதான் மிக ஆபத்தான தவறு.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள் தவிர்க்க வேண்டும். ஆய்வுக்கூடச் சோதனைகளில் இந்த வேரின் சாறு ஈஸ்ட்ரோஜன்போல் செயல்பட்டிருப்பதால் மார்பக, கருப்பைப் புற்றுநோய் வரலாறு உள்ளவர்களும் தவிர்ப்பது நல்லது. எப்போதும் மலம் இளகிப் போகிறவர்களுக்குச் சீன மருத்துவர்களே இதைக் கொடுக்கத் தயங்குவார்கள்.

மருந்துகளில் காசநோய் மாத்திரைகள், மெத்தோட்ரெக்சேட், வால்ப்ரோயேட், அடிக்கடி எடுக்கும் பாராசிட்டமால் ஆகியவை கல்லீரலுக்குச் சுமை தருபவை, இவற்றோடு சேர்க்கக்கூடாது. கொழுப்புக்கு ஸ்டாட்டின் எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக்கூடாது. மது வேண்டாம். எடை குறைக்கும் கிரீன் டீ சாற்று மாத்திரைகளோடும் வேண்டாம். அந்த மாத்திரையால் வரும் கல்லீரல் பாதிப்பிலும் இதே மரபணு வகைதான் கண்டறியப்பட்டிருக்கிறது. சர்க்கரை மாத்திரை, வார்ஃபரின் எடுப்பவர்களும் மருத்துவர் சொல்லாமல் எடுக்கக்கூடாது. டிகாக்ஸின் அல்லது நீர் மாத்திரை எடுப்பவருக்குப் பச்சை வேரால் பேதியானால் உடலில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தடுமாறலாம்.

படி 3: எந்த வேர் என்று அறிதல்

சீவலாக வாங்கினால் கண்ணே பெரும்பாலும் போதும். பச்சைச் சீவலின் தோல் செம்பழுப்பு, உள்ளே வெளிர்மஞ்சள் அல்லது இளஞ்சிவப்புப் பழுப்பு, மாவுத்தன்மை. குறுக்கு வெட்டில் நடுவட்டத்தைச் சுற்றி, தோலுக்கு அருகே, 4 முதல் 11 வரை சிறு வட்டங்கள் வளையமாக நிற்கும். மேகம் நெய்த பட்டுப்போல் இருக்கும் இந்தக் கோலம்தான் ஹெ ஷோ வூவின் அடையாளம். இது இல்லாத கிழங்கைச் சந்தேகியுங்கள். பதப்படுத்திய சீவல் கரும்பழுப்பு, சுருங்கி மேடுபள்ளமாக, கல்போல் கடினம். உடைத்தால் உள்ளே கொம்புபோல் மினுங்கும். வெளியே கறுப்பும் உள்ளே வெளிறலும் என்றால் அரைவேக்காடு, அல்லது சாயம். ஒரு சீவலை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். மெதுவாகப் பழுப்பு இறங்குவது இயல்பு. போட்டவுடன் கருமை கரைந்து சீவல் வெளுத்தால் தூக்கிப்போடுங்கள்.

ஆணும் பெண்ணுமாக மனித உருவில் இருக்கும் 'அபூர்வ' ஹெ ஷோ வூ பெரும் விலைக்கு விற்கப்படுவதுண்டு. வேறு கிழங்குகளை அச்சுக்குள் வளர்த்துச் செய்த போலிகள் அவை.

பொடியிலும் காப்ஸ்யூலிலும் கண்ணால் எதுவும் தெரியாது, லேபிள்தான் கதி. 'பாலிகோனம் மல்டிஃப்ளோரம் வேர்' என்று மட்டும் இருந்தால் அது பச்சையா பதமா என்று சொல்லவில்லை என்று பொருள். விற்பவருக்கு எழுதிக் கேளுங்கள்: பதப்படுத்தியதா, எந்த முறையில், ஒரு காப்ஸ்யூல் எத்தனை கிராம் உலர்வேருக்குச் சமம், நீரில் வடித்த சாறா ஆல்கஹாலில் எடுத்ததா, ஈயம், ஆர்சனிக், காட்மியம், பூஞ்சை நச்சுக்கான சோதனை அறிக்கை அந்தத் தொகுதி எண்ணுக்கு உண்டா. பதில் வராத இடத்தில் வாங்கவேண்டாம்.

பல மூலிகை சேர்ந்த தயாரிப்பா என்றும் பாருங்கள். மிங் காலத்துப் புகழ்பெற்ற 'ஏழு பொக்கிஷத் தாடி அழகு' மருந்தில் ஹெ ஷோ வூவோடு பூ கூ ஜி சேர்கிறது. பூ கூ ஜி என்பது நம் கார்போக அரிசி. அதுவும் கல்லீரலைப் பாதித்ததாகப் பதிவுகள் உள்ள பொருள். வெயில் பட்டால் தோலைக் கொப்பளிக்கவும் செய்யும். இந்த மருந்தை வாங்குபவர் கல்லீரலுக்கு இரண்டு சுமையை ஒன்றாக ஏற்றுகிறார்.

படி 4: அளவுக் கணக்கு

சீன மருந்துத் தரநூலின் நாள் அளவு: பச்சை வேர் 3 முதல் 6 கிராம், பதப்படுத்தியது 6 முதல் 12 கிராம். இது மருத்துவர் நாடி பார்த்து, கஷாயமாகக் கொடுப்பதற்கான அளவு. மருத்துவர் இல்லாமல் மக்களே வாங்கிச் சாப்பிடும் ஆரோக்கியத் தயாரிப்புகளுக்குச் சீன அரசு 2014-ல் இன்னும் கீழான வரம்பு வைத்தது: நாளொன்றுக்குப் பச்சை 1.5 கிராம், பதம் 3.0 கிராம். நீண்ட காலம் அளவுக்கு மீறி எடுக்கக்கூடாது, கல்லீரலைப் பாதிக்கும் மருந்துகளோடு சேர்க்கக்கூடாது, கல்லீரல் செயல்பாட்டைக் கவனிக்க வேண்டும் என்ற எச்சரிக்கையையும் லேபிளில் போடச் சொன்னது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006-லேயே எச்சரித்திருந்தது. தானாக வாங்கிச் சாப்பிடுபவர் வைத்துக்கொள்ள வேண்டிய உச்சவரம்பு அந்த 3 கிராம்தான். அதுவும் பதப்படுத்திய வேரில்.

இப்போது ஒரு புட்டியை எடுத்துக் கணக்குப் போடுவோம். '10:1 சாறு, 500 மில்லிகிராம்' என்றால் 10 கிராம் வேரிலிருந்து 1 கிராம் சாறு எடுத்திருக்கிறார்கள். ஒரு காப்ஸ்யூல் 5 கிராம் வேருக்குச் சமம். காலையும் மாலையும் ஒன்று என்றால் 10 கிராம். வரம்பைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். '500 மில்லிகிராம்தானே, வெறும் அரை கிராம்' என்று தோன்றும். இப்படித்தான் அளவு மீறுகிறது. 4:1 சாறு 500 மில்லிகிராம் என்றால் 2 கிராம் வேர், நாளுக்கு ஒன்றோடு நிறுத்தலாம். விகிதமே எழுதாத சாற்றைக் கணக்கிட முடியாது, ஆகவே வாங்கவும் முடியாது.

இன்னொரு நுணுக்கம். எமோடின் நீரில் எளிதில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். கஷாயத்தை வடித்தால் சக்கையோடு ஒரு பங்கு வெளியே போய்விடும். பொடியாக விழுங்கினாலோ ஆல்கஹால் சாறாக எடுத்தாலோ அத்தனையும் உள்ளே வரும். கஷாயத்துக்குச் சொன்ன 12 கிராமைப் பொடியாகக் கரண்டியால் அள்ளிப் போடுவது அதனால் பெருந்தவறு. இந்த வேரை மதுவில் ஊறவைத்துக் குடிப்பதும் அப்படியே.

படி 5: கஷாயம்

சீன மருத்துவர் சீவலாகக் கொடுத்திருந்தால், அவர் சொன்ன எடையை (6 கிராம் என்று வைத்துக்கொள்வோம்) சமையலறைக் கிராம் தராசில் நிறுங்கள். சீவல்கள் தடிமன் மாறுபடும், எண்ணிக்கையால் அளக்கக்கூடாது. ஒருமுறை கழுவி, 500 மில்லி நீரில் 30 நிமிடம் ஊறவையுங்கள். மண்பானை, கண்ணாடி, எவர்சில்வர் மூன்றில் எதுவும் சரி; இரும்பும் அலுமினியமும் வேண்டாம். கொதி வந்ததும் தீயைக் குறைத்து 45 முதல் 60 நிமிடம், 200 மில்லியாக வற்றும்வரை. வடித்து, அதே சீவலில் 300 மில்லி நீர் ஊற்றி மறுபடி 30 நிமிடம். இரண்டையும் கலந்து இரு பங்காக்கி, உணவுக்குப் பின் ஒரு வேளைக்கு ஒன்று. அன்றைய கஷாயம் அன்றே முடியவேண்டும்.

பொடியைப் பாலில் கலந்து குடிப்பவர்கள், சூப்பில் போடுபவர்கள் எல்லோரும் கிராம் கணக்கை மறக்கக்கூடாது. குடும்பத்துக்கே வைத்த சூப்பை யார் எத்தனை கிண்ணம் குடித்தார் என்று யாரும் அளப்பதில்லை. இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்கள் மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள், வேரின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும். முள்ளங்கி, வெங்காயம், பூண்டு ஆகாது என்பது சீன வழக்கம்.

பதப்படுத்திய வேர் என்று வாங்கியதைச் சாப்பிட்டு முதல் வாரத்தில் வயிறு பிடித்து இளகிப் போனால், பெரும்பாலும் உங்களிடம் இருப்பது பச்சை வேர், அல்லது அரைவேக்காடு. அளவைக் குறைத்துத் தொடராமல் நிறுத்துங்கள்.

படி 6: கல்லீரலைக் கண்காணித்தல்

இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தொடங்கும்முன் ஒரு கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை. எஸ்.ஜி.பி.டி, எஸ்.ஜி.ஓ.டி, ஏ.எல்.பி என்ற மூன்று நொதிகளும், காமாலையில் உயரும் மஞ்சள் நிறப்பொருளான பிலிருபினும் அதில் வரும். அதில் ஏதேனும் உயர்ந்திருந்தால் வேரைத் தொடங்கவே கூடாது. தொடங்கிய 14-ம் நாள் ஒன்று, 28-ம் நாள் ஒன்று, அதன்பின் மாதம் ஒன்று. மூன்று மாதத்துக்குமேல் தொடரவேண்டாம். முடியில் மாற்றம் இல்லையென்றால் அதற்குள்ளேயே தெரிந்துவிடும்.

பாதிப்பு வந்தவர்களில் பெரும்பாலோருக்கு முதல் சில வாரங்களிலிருந்து ஆறு மாதத்துக்குள் வந்திருக்கிறது. தொடக்கம் சத்தமில்லாதது: காரணமில்லாத சோர்வு, சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு, குமட்டல், வலது விலாவுக்குக் கீழே பாரம், உடல் அரிப்பு. பிறகு சிறுநீர் கட்டன்சாயா நிறம், கண் மஞ்சள். சோர்வும் பசியின்மையும் வந்த அன்றே நிறுத்துங்கள், மஞ்சள் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

முடிவுகளை இப்படிப் படியுங்கள். எஸ்.ஜி.பி.டி இயல்பு வரம்பைத் தாண்டினாலே வேரை நிறுத்திவிட்டு ஒரு வாரத்தில் மறுபடி பாருங்கள். வரம்பைப்போல் மூன்று மடங்கைத் தாண்டினால் உடனே மருத்துவர். மூன்று மடங்கு எஸ்.ஜி.பி.டியோடு பிலிருபினும் இரண்டு மடங்கைத் தாண்டினால் அன்றே மருத்துவமனை. மருந்தால் கல்லீரல் கெட்டு இந்த நிலைக்கு வருபவர்களில் சுமார் பத்தில் ஒருவர் இறக்கவோ மாற்றுக் கல்லீரல் தேவைப்படவோ செய்கிறார். பிதற்றல், பகலில் தூங்கி விழுதல், ஈறில் ரத்தம் கசிதல் இருந்தால் அவசரப் பிரிவு.

நிறுத்தியபின் பெரும்பாலோருக்குச் சில வாரங்கள் முதல் சில மாதங்களில் நொதிகள் இறங்கிவிடும். குணமானபின் 'இந்த முறை குறைந்த அளவில்' என்று மறுபடி தொடங்கவே கூடாது. மறுமுறை எடுத்தவர்களுக்குப் பாதிப்பு திரும்ப வந்ததும், சிலருக்கு முன்னைவிட வேகமாக வந்ததும் பதிவாகியிருக்கின்றன. புட்டி மாறினாலும் வேர் அதேதான்.

மருத்துவரிடம் போகும்போது

புட்டியையும் மீதிச் சீவலையும் எடுத்துப் போங்கள். எந்தத் தேதியில் தொடங்கினீர்கள், நாளுக்கு எவ்வளவு, வேறென்ன மாத்திரைகள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். 'நாட்டு மருந்து சாப்பிட்டதைச் சொன்னால் திட்டுவார்' என்று மறைப்பதால்தான் காரணம் கண்டுபிடிக்க நாளாகிறது. அவர் ஹெபடைடிஸ் ஏ, பி, சி, ஈ நான்கையும் பார்க்கச் சொல்வார். நம் ஊரில் தண்ணீரால் வரும் ஏ, ஈ வகைக் காமாலை அதிகம் என்பதால் அது அவசியமான சோதனை. ரத்தம் உறையும் நேரமும் பார்க்கப்படும். காமாலைக்கு மருந்து என்று இன்னொரு மூலிகையை இடையில் சேர்த்தால் எது கெடுத்தது, எது குணமாக்கியது என்று யாராலும் பிரிக்க முடியாமல் போகும்.

இந்தியாவில் மருந்துப் பக்கவிளைவுகளைப் பதிவுசெய்யும் தேசியத் திட்டத்தின் இலவச எண் 1800-180-3024. மருத்துவர் மட்டுமல்லாமல் நோயாளியும் அழைக்கலாம்.

வீட்டில் வைத்திருப்பது

டி.எஸ்.ஜி வெளிச்சம் பட்டால் வடிவம் மாறும். அந்த மாறிய வடிவம் கல்லீரல் பாதிப்போடு தொடர்புடையதாகச் சீன ஆய்வாளர்கள் எலிச் சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். கண்ணாடிச் சாடியில் போட்டுச் சமையலறை ஜன்னலோரம் வைப்பது அதனால் கூடாது. பழுப்புப் புட்டி அல்லது மூடிய டின், உலர்ந்த இடம். மழைக்காலத்தில் சீவலை மாதம் ஒருமுறை கொட்டிப் பாருங்கள். பூஞ்சைப் பொட்டு ஒன்று தெரிந்தாலும் துடைத்து வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தாமல் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள், பூஞ்சை நச்சு வெயிலில் போகாது. டப்பாவின்மேல் வேரின் பெயர், பச்சையா பதமா, வாங்கிய தேதி மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். வீட்டில் வேறு யாராவது அதை அதிமதுரம் என்று நினைத்து இருமலுக்கு எடுத்துவிடக்கூடாது.

ஏற்கெனவே மாதக்கணக்கில் பரிசோதனை இல்லாமல் எடுத்துக்கொண்டிருப்பவர், உடம்பில் ஒன்றும் தெரியாவிட்டாலும், இன்றே நிறுத்திவிட்டு இந்த வாரத்துக்குள் கல்லீரல் பரிசோதனை ஒன்று எடுத்துப் பாருங்கள்.